மணிபல்லவத்தில் மாண்டவர்களும் மீண்டவளும்: தீவகக் கடற்கதைகளில் அபலைப் பெண்

மணிமேகலைக் காப்பியத்தின் முப்பது காதைகளில் எட்டாவதற்கு மணிபல்லவத்துத் துயருற்ற காதை என்று பெயர். முதல்நாள் புகார் நகரத்து உபவனத்தில் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்து நின்ற மணிமேகலை, மறுநாள் ஆளரவமற்ற ஒரு தீவின் மணலில் கண்விழிக்கிறாள். தோழி சுதமதியைக் கூவி அழைக்கிறாள், மறுமொழி இல்லை. வெட்டுண்டு இறந்த தந்தை கோவலனை நினைத்து அழுகிறாள். இளவரசன் உதயகுமரன் துரத்துகிறான், தெய்வம் தூக்கிச் செல்கிறது, இளம்பெண் தனியே அழுகிறாள். அபலைப் பெண் கதைக்கு வேண்டிய அத்தனையும் இங்கே கூடிவந்துவிட்டன. அடுத்து வரவேண்டியவன் வீரன் ஒருவன்.

அவன் வரவில்லை. பதினோராம் காதையில் அவள் கையில் அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபி இருக்கிறது. வானவழியே புகாருக்குத் தானே திரும்புகிறாள். அன்றுமுதல் பசித்தவர்களை மீட்கும் வேலை அவளுடையதாகிறது.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று என்ற நம்பிக்கை தீவக மக்களிடையே ஆழமாக வேரூன்றியது. அதனால் இந்தக் கதைத் திருப்பம் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நெருக்கமானது. கொடிக்கரைக்கும் தீவகத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடலைப் பற்றித் தமிழில் எழுந்த கதைகளில் ஆபத்தில் மாட்டுபவர் யார், மீட்பவர் யார்? மீட்பவள் பெண்ணானால் அதற்கு அவள் கொடுக்கும் விலை என்ன? இவ்விரு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

வார்ப்பின் இலக்கணம்

அபலைப் பெண் வார்ப்பு எல்லா நாட்டு இலக்கியத்திலும் உண்டு. கிரேக்கப் புராணத்தில் அந்திரோமேதா கடற்பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறாள். கடல்மிருகம் வருகிறது, பெர்சியுஸ் அதைக் கொன்று அவளை மணக்கிறான். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் புரொப், 1928இல் வெளிவந்த தம் நாட்டார்கதை ஆய்வில், இளவரசியைத் தேடப்படும் பாத்திரம் என்று வகுத்தார். அவளுக்காகக் கதை நகர்கிறது, அவளால் நகர்வதில்லை. 2013இல் அனிதா சார்கீசியன் வெளியிட்ட காணொளித் தொடர், 1981இல் வந்த டாங்கி காங் முதலான கணினி விளையாட்டுகள் இதே அமைப்பில் ஓடுவதை எடுத்துக் காட்டியது.

தமிழில் இந்த வார்ப்பை உள்ளிருந்தே விளங்கிக்கொண்டவன் கம்பன். இலங்கைத் தீவில் சிறையிருக்கும் சீதையைத் தோளில் சுமந்து செல்ல அனுமன் முன்வருகிறான். அவள் மறுக்கிறாள். தன் சொல்லாலேயே உலகங்களை எரிக்க வல்லவள் தான் என்றும், அப்படிச் செய்தால் இராமனுடைய வில்லின் ஆற்றலுக்கு மாசு வரும் என்பதால் அதை ஒதுக்கிவைத்ததாகவும் சொல்கிறாள். சூளாமணிப் படலத்தின் இந்த மறுமொழியை வெறும் கற்பின் பெருமிதமாக வாசித்துவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது. அவளிடம் வலிமை இருக்கிறது. அது வெளிப்பட்டால் வில்லுக்கு வேலை இல்லாமற்போகும். ஆகவே வீரனுக்கு இடம் விட்டு அவள் அசோகவனத்தில் காத்திருக்கிறாள். அபலைத்தன்மை பெண்ணின் இயல்பாக இங்கே காட்டப்படவில்லை. வீரக்கதை அவளிடம் கேட்டு வாங்கும் ஒரு கடமையாகவே அது வருகிறது.

கல்கியின் சிவகாமியின் சபதம் நாவலில் வரும் சிவகாமியும் இதே வழியில் வந்தவள்தான். வாதாபியில் சிறைப்பட்ட அவளை அழைத்துப்போக மாமல்லர் மாறுவேடத்தில் வருகிறார். நகரத்தை எரித்து வென்று அழைத்துப் போனாலன்றி வரமாட்டேன் என்கிறாள் அவள். போர் நடக்க அவளுடைய சிறை தேவைப்படுகிறது.

எந்தத் தீவு?

மணிபல்லவம் எது என்ற விவாதம் நூறாண்டு பழையது. புகாரிலிருந்து தென்திசையில் முப்பது யோசனைத் தொலைவு என்பது காப்பியக் கணக்கு. நாகநாட்டு அரசர் இருவர் புத்தபீடிகைக்காகப் போரிட்டதை அது சொல்கிறது. மகாவம்சம் சூளோதரன், மகோதரன் என்ற நாக அரசர்கள் மணிபதித்த ஆசனத்துக்காகப் பொருதியதையும், புத்தர் நாகதீபத்துக்கு வந்து சமாதானம் செய்ததையும் சொல்கிறது. இரண்டும் ஒரே மரபின் இரு வடிவங்கள் என்பதில் ஐயமில்லை. 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலை வெளியிட்ட முதலியார் செ. இராசநாயகம் மணிபல்லவத்தை யாழ்ப்பாணப் பகுதியோடு பொருத்தினார். நயினாதீவே என்போர் உண்டு, நெடுந்தீவென்போரும் உண்டு. ஆனால் 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் நாகதீவு என்ற பெயர் வருவதால், பழைய நாகதீபம் குடாநாடு முழுவதையும் குறித்த பெயர் என்ற கருத்து வலுப்பெற்றது.

எந்தத் தீவு என்பது இக்கட்டுரையின் கேள்விக்கு அவ்வளவு முக்கியமில்லை. காப்பியத்தை இயற்றிய சாத்தனார் வரைபடம் எழுதவில்லை. புகாருக்கும் சாவகத்துக்கும் இடையிலான கப்பல் வழியில், புயலுக்கு ஒதுங்கும் தீவு என்பதே அவர் காட்டும் மணிபல்லவம். அந்த அடையாளம் தீவகக் கடலுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மணலுக்கடியில் எலும்புகள்

இனி அந்தத் தீவில் அகப்பட்ட மற்றவர்களைப் பார்க்கலாம். அமுதசுரபியை மதுரையில் சிந்தாதேவியிடம் பெற்றவன் ஆபுத்திரன். மழை பெய்து நாடு செழித்ததும் அவனிடம் சோறு கேட்க ஆளில்லை. சாவகநாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். புயலில் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்குகிறது. அவன் இறங்கியதை அறியாமல் இரவில் பாய்விரித்துப் போய்விடுகிறது. பலருக்கு ஊட்டும் பாத்திரத்தால் தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப அவனுக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்படு என்று சொல்லி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இறக்கிறான். அவனைத் தேடித் திரும்பி வந்த செட்டிகள் ஒன்பது பேரும் அங்கேயே உயிர்விடுகிறார்கள்.

இருபத்தைந்தாம் காதையில் மணிமேகலை இந்தக் கதையை முடித்துவைக்கிறாள். ஆபுத்திரன் சாவகத்து மன்னன் புண்ணியராசனாக மறுபிறவி எடுத்திருக்கிறான். அவனை மணிபல்லவத்துக்கு வரச்செய்கிறாள். அங்கே மணலைத் தோண்டி அவனுடைய முற்பிறப்பு எலும்புகளையே அவன் காண்கிறான். அருகில் அந்த ஒன்பது செட்டிகளின் எலும்புகள். மன்னன் கலங்கிப்போகிறான். அவள் அவனைத் தேற்றி, அறம் எது என்று உரைத்து, நாடாளத் திருப்பி அனுப்புகிறாள். தமிழ்க் காப்பியங்களில் ஓர் அரசனை ஓர் இளம்பெண் அவனுடைய சாவின் முன்னால் நிறுத்திப் பாடம் சொல்லும் இதுபோன்ற இடம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆக, மணிபல்லவத்தில் மாண்டவர்கள் என்று காப்பியம் எண்ணிக் காட்டுகிறவர்கள் ஆண்கள். மீண்டவள் பெண்.

கிளைக்கதைகளிலும் இதே நிலைதான். கப்பல் உடைந்து பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நக்க நாகர் மலையில் ஒதுங்குகிறவன் சாதுவன். காத்திருந்த அவன் மனைவி ஆதிரைதான் பிறகு அமுதசுரபியில் முதற்பிச்சை இடுகிறாள். கோவலனுடைய முன்னோர் ஒருவரை நடுக்கடலில் காத்தது மணிமேகலா தெய்வம். கோவலன் மகளுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த நன்றியால். பாலி மொழி ஜாதகக் கதையில் ஏழுநாள் கடலில் நீந்திய மகாஜனகனைத் தூக்கிக் கரைசேர்ப்பவளும் இதே தெய்வம். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் மேகலா இன்றும் நாட்டியங்களில் வருகிறாள். நில இதிகாசத்தில் கடத்தப்பட்ட பெண்ணுக்காக ஆண் கடல் தாண்டுகிறான். கடற்கதையில் மூழ்கும் ஆணுக்குப் பெண் கை நீட்டுகிறாள்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இருப்பதை மறைக்கக்கூடாது. வலாஹஸ்ஸ ஜாதகத்தில், தம்பபண்ணித் தீவில் கரையொதுங்கும் வணிகர்களை மயக்கித் தின்னும் யட்சிகள் வருகிறார்கள். யட்சியான குவேனியும் கரையிறங்கிய விஜயனின் ஆட்களை முதலில் அடைத்துவைப்பவளாகவே மகாவம்சத்தில் அறிமுகமாகிறாள். கரையொதுங்கிய ஆணுக்குத் தீவுப் பெண் தெய்வமாகவோ பேயாகவோதான் தெரிகிறாள். அவளும் ஒரு மனிதப் பெண் என்பது இந்தக் கதைகளுக்குத் தோன்றவே இல்லை.

கப்பல் உடைந்தால்

கடற்கதைகளில் ஆண் ஆபத்தில் மாட்டுவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு உரியது. கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் பதிப்பித்தார். பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காப்பு அளிக்கவேண்டும் என்கிறது அது. அரசனுக்கு யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் இருவருக்கும் பாதிப்பாதி.

ஓர் அரசு கல்லில் வெட்டி விதிவகுக்கும் அளவுக்கு இந்தக் கடலில் கப்பல்கள் உடைந்தன. அவற்றில் பெரும்பாலும் சென்றவர்கள் வணிகர்களும் மாலுமிகளும். பெண் கரையில் இருந்தாள், அல்லது கோயிலில் இருந்தாள். மூழ்குகிறவன் கும்பிட்ட திசையில் இருந்தவள் அவள். மீட்பர் பெண்தெய்வமாக அமைந்ததற்கு இந்த வாழ்க்கை ஒரு காரணம். பௌத்தம் மட்டும் அதைப் படைக்கவில்லை.

கொடிக்கரையிலிருந்து பூதத்தீவுவரை

இந்த மரபு இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இலக்கியத்தில் மறுபடி தலைதூக்கியது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வனில், கொடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டுசெல்பவள் பூங்குழலி. சுழற்காற்று என்ற இரண்டாம் பாகத்தில் கப்பல் இடிவிழுந்து எரிகிறது. வந்தியத்தேவனும் அருள்மொழிவர்மனும் அலையில் தத்தளிக்கிறார்கள். துடுப்புப் போட்டு வந்து அவர்களைக் கரைசேர்க்கிறவளும் அவளே. அதற்கு முன்பே ஈழக் கடலின் பூதத்தீவில் தனியே ஒதுங்கிய இளம் சுந்தரசோழரைக் கரடிக்கு இரையாகாமல் காத்தவள் மந்தாகினி. சிவகாமியைச் சிறைவைத்த அதே எழுத்தாளர், கடலுக்கு வந்ததும் துடுப்பைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். கல்கி இதைத் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, மணிமேகலையின் நிழல் அதில் தெரிகிறது.

ஆனால் விலையைக் கவனிக்கவேண்டும். மந்தாகினி ஊமை. அவள் சோழ இளவரசனுக்குச் சொல்ல நினைத்தது எதுவும் சொல்லாகவில்லை. குழந்தை அருள்மொழியைப் பொன்னியில் மூழ்காமல் எடுத்தவளும் அவளே, ஆனால் உலகம் அவளைக் காவேரி அம்மன் என்று நினைக்கிறது. கடைசியில் சுந்தரசோழர்மேல் எறியப்பட்ட வேலைத் தன் உடம்பில் ஏற்று இறக்கிறாள். பூங்குழலிக்கோ, தான் மீட்ட இளவரசன் தனக்கில்லை.

மணிமேகலையும் விலை கொடுத்தவள்தான். உதயகுமரன் பின்னே தன் நெஞ்சம் போனது என்று அவள் சுதமதியிடம் ஒப்புக்கொள்கிறாள். தெய்வம் அவளைத் தூக்கிச் சென்றது உறக்கத்தில், அவளைக் கேட்காமல். இளவரசனிடமிருந்து மட்டுமல்ல, அவளுடைய சொந்த ஆசையிலிருந்தும் அவள் அகற்றப்பட்டாள். காப்பியத்தின் கிளைக்கதைகளை 1988இல் நூலாக ஆராய்ந்த பவுலா ரிச்மன், அவற்றை ஒரு பெண்ணைத் துறவுவாழ்வுக்கு ஆயத்தப்படுத்தும் பௌத்த அறவுரையாக வாசித்தார். அந்த வாசிப்பு ஏற்கத்தக்கது. ஆனால் அதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். தமிழ்க் கற்பனை பெண்ணை மீட்பராக ஏற்கத் தயங்கவில்லை, அவள் தெய்வமாகவோ துறவியாகவோ ஊமையாகவோ இருக்கும்வரை. வீட்டுக்குப் போய் உலையேற்றும் பெண் ஒருத்தி கடலில் ஒருவனைக் காப்பாற்றிவிட்டு மறுநாள் வழக்கம்போல வாழ்ந்தாள் என்ற கதைதான் இதில் இல்லை.

அல்லைப்பிட்டியிலிருந்து பாரிஸ் மாடிப்படிக்கு

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற தீபன் படத்தில் நாயகனாக நடித்தவர், தீவகத்து அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் ஓதியார். முன்பின் அறியாத மூவர், கணவன் மனைவி மகள் என்று பொய்த் தாள்களோடு பிரான்சுக்குப் போகிறார்கள். காளீஸ்வரி சீனிவாசன் நடித்த யாழினி, படத்தின் பெரும்பகுதியில் யாருக்கும் அடங்கியவளாக இல்லை. மொழி தெரியாத வீட்டில் முதியவர் ஒருவருக்குச் சமைத்துப் போட்டுச் சம்பாதிக்கிறாள். போதைக் கும்பலின் தலைவனோடு அரைகுறை மொழியில் சமமாகப் பேசுகிறாள். இங்கிலாந்தில் உள்ள உறவினரிடம் தனியே புறப்பட்டும் பார்க்கிறாள். தீபன்தான் தடுக்கிறான்.

பிறகு கடைசிக் கட்டம். சண்டை மூள்கிறது. காயம்பட்ட தலைவனோடு யாழினி மேல்மாடி வீட்டில் அகப்படுகிறாள். தீபன் எதிர்ப்பட்டவர்களைச் சாய்த்துப் புகை மண்டிய மாடிப்படியில் ஏறுகிறான். முன்னாள் போராளியின் வன்முறை இங்கே காதலாகப் பெயர் மாறுகிறது, அதற்கு அவள் அகப்பட்டிருப்பது தேவையாகிறது. உடனே இங்கிலாந்தின் வெயிலில் ஒரு குடும்பக் காட்சி. ஒன்றரை மணிநேரம் தன் காலில் நின்ற பெண்ணை ஒரு மாடிப்படிக்காகப் படம் கைவிட்டது. அதன் பெருங்குறை இதுவே.

இது பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பிழை என்று ஒதுக்கவும் முடியாது. தமிழ்த் திரைப்படம் பல பத்தாண்டுகளாகக் கடைசிச் சுருளில் நாயகியைக் கட்டிப்போட்டு வந்திருக்கிறது. ஈழப்போரைப் பற்றிய செய்திகளும் அனுதாபக் கூட்டங்களும் அதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டன, அழும் பெண், நீட்டிய கை, வரவேண்டிய மீட்பர். இதை மறுத்து எழுதியவர்கள் பெண்களே. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் சொல்லாத சேதிகள் என்ற தொகுப்பை வெளியிட்டது. அ. சங்கரி, சிவரமணி, ஔவை, ஊர்வசி, மைத்ரேயி உள்ளிட்ட பத்துக் கவிஞர்கள் அதில் எழுதினார்கள். தங்களுக்காக யாரும் வில்லெடுக்கவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தாங்களே பேசினார்கள்.

பதிவாகாதவர்கள்

அபலை வார்ப்பைக் கேள்வி கேட்பது, பெண்களுக்கு நேர்ந்த ஆபத்தைக் குறைத்துச் சொல்வதாகாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்குப் போன மாணவி ஒருவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். வடக்கு முழுவதும் மாணவரும் பெண்களும் தெருவில் இறங்கினார்கள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது.

இவை உண்மைத் துயரங்கள். வார்ப்பு செய்யும் தீங்கு, அந்தத் துயரத்துக்கு ஒரே ஒரு மருந்தை எழுதித் தருவது. பெண்ணைத் தனியே விடாதே, இருட்டுமுன் வீட்டில் இருத்து, ஒரு துணையோடு அனுப்பு. குற்றம் செய்தவனுடைய நடமாட்டம் அப்படியே இருக்க, அவளுடைய நடமாட்டம் சுருங்குகிறது. பளிங்கு மண்டபம் மணிமேகலையை உதயகுமரனிடமிருந்து மறைக்கவில்லை, கண்ணாடிக்குள் காட்டத்தான் செய்தது. வீட்டு மதிலும் அவ்வளவுதான். 2015இல் தெருவுக்கு வந்த பெண்கள் கேட்டது பாதுகாவலர்களை அல்ல, விசாரணையை.

தீவகத்தின் கதைமரபில் விடுபட்டிருக்கும் அந்தச் சாதாரணப் பெண் உண்மை வாழ்க்கையில் இல்லாதவளா? போர்க்காலத்தில் பிள்ளைகளையும் முதியவர்களையும் தோணியேற்றிக் கடல் கடத்தியவர்கள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களைத் தாங்கியவர்கள், குமுதினியில் வெட்டுப்பட்டுக் கிடந்தவர்களுக்கு நீர் கொடுத்துக் காயம் கட்டியவர்கள் என்று பெண்கள் தீவுகளில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் தெய்வங்களும் அல்லர், துறவிகளும் அல்லர். அவர்களில் மூத்தவர்களுக்கு வயதேறிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களும், தீவகப் பாடசாலை ஆசிரியர்களும், புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் அவர்களுடைய வாய்மொழியை, தேதியும் துறையும் வள்ளத்தின் பெயரும் விடாமல், அவர்கள் பேசும் நடையிலேயே இப்போதே பதிவு செய்யவேண்டும். கோயில் மலருக்கும் சங்க மலருக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.